ஊரெல்லாம் மேற்கோள், மூலப் பிரதி எங்கே?

யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியலைப் புரட்டினால் 1968 என்ற ஆண்டு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பாலேந்திரன், சிறிமான்ன, ஆறுமுகம் மூவரும் எழுதி, கொழும்பில் நீர்வள சபை வெளியிட்ட யாழ்ப்பாண நிலத்தடி நீர் அறிக்கை அது. பட்ட ஆய்வேடு என்றாலும் வெளிநாட்டு ஆய்விதழ் என்றாலும், வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல்லில் கை வைக்கிறவர் இந்த அறிக்கையைத் தொடாமல் போவது அரிது. ஆனால் அதற்கு இதுவரை எத்தனை மேற்கோள் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடையாது.

அரச வெளியீடுகளுக்கு ஆய்வுலகில் என்ன செல்வாக்கு, அதை எண்ணிக் காட்டலாமா என்ற கேள்வி பழையது. சமூக விஞ்ஞானிகள் அரச வெளியீடுகளைப் பயன்படுத்தும் விதம் பற்றி அமெரிக்காவில் பீட்டர் ஹெர்னன் 1979இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார். இன்று வெப் ஒப் சயன்ஸ், ஸ்கோப்பஸ், கூகிள் ஸ்கொலர் என்று எண்ணித் தர ஆயத்தமாகப் பல தளங்கள் உண்டு. பல்கலைக்கழகப் பதவியுயர்வு, ஆய்வு நிதி எல்லாம் இந்த எண்களைச் சுற்றியே ஓடுகின்றன. அடுத்தது அரச திணைக்களங்களின் முறை. எந்த வெளியீடு மேற்கோள் பெறுகிறதோ அதற்குக் காசு, பெறாததற்குப் பூட்டு என்று ஒரு நாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அப்போது யாழ்ப்பாணத்தின் கணக்கு எப்படி இருக்கும்?

ஒரே அறிக்கை, பல பெயர்

மேற்கோள் சுட்டி ஆய்விதழுக்காகப் பிறந்தது. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் யோசனை சொல்லி, 1960களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்குத்தான் அங்கே முழு விபரத்தோடு பதிவு உண்டு. திணைக்கள அறிக்கைக்கு அந்த இடம் கிடையாது. யாராவது மேற்கோள் காட்டினால், சுருக்கி எழுதிய ஒற்றை வரியாக அது ஒரு மூலையில் கிடக்கும். அந்த வரியும் ஒரே மாதிரி இராது. ஒருவர் பாலேந்திரன் பெயரை முதலில் போடுவார், இன்னொருவர் சபையின் பெயரையே ஆசிரியராக்குவார். வேறொருவர் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிடுவார், மற்றொருவர் தலைப்பைத் தன் பாட்டுக்குச் சுருக்குவார். இயந்திரத்துக்கு இவை நான்கும் நான்கு வெளியீடுகள். ஐம்பது மேற்கோள் பெற்ற ஓர் அறிக்கை அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று பெற்ற நான்காகச் சிதறிப்போகலாம்.

தமிழில் எழுதும் ஆய்வாளர் காட்டும் மேற்கோள் அந்த மூலைக்கும் போய்ச் சேராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் 'சிந்தனை' போன்ற இதழ்களில் வரும் உசாத்துணைகளை இந்தப் பெரிய தளங்கள் பொருட்படுத்துவதில்லை. செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல் எழுதிய க. குணராசா புவியியல் பாடநூல்களும் எழுதினார். அப்படிப்பட்ட தமிழ் நூல்களின் வழியாகத்தான் அரச புள்ளிவிபரம் உயர்தர வகுப்பு மாணவனின் கொப்பிக்குள் வந்தது. அந்தச் செல்வாக்கை எந்தச் சுட்டியில் தேடுவது?

நீதிமன்றத்தின் கதையும் இதுவே. கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததாகத் தொடரப்பட்ட சுன்னாகம் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது கிணற்றுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள் வழக்கின் நடுவே நின்றன. சனங்களின் குடிதண்ணீரைத் தீர்மானித்த பக்கங்கள் அவை. ஆய்விதழ்க் கணக்கில் அவற்றுக்குப் புள்ளி கிடையாது.

எண் கூடினால் பெருமையா?

எண்ணுவது சரியாக நடந்தாலும் யாழ்ப்பாணத்தில் அந்த எண் வேறு கதை சொல்லும். 1981 குடிசன மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். 2001இல் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் இல்லை. 2012 மார்ச்சில்தான் நாடு முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் குடாநாட்டைப் பற்றி எழுதியவர்கள் 1981ஐக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவார்கள்? மேற்கோள் அளவுகோலோ அதைப் பெரும் செல்வாக்கு என்று பதியும். உண்மையில் அந்த எண் காட்டுவது வேறு கணக்கு இல்லாத குறையை. 1968 அறிக்கையின் நீண்ட ஆயுளிலும், அதன் தரத்துக்கு ஒரு பங்கு என்றால், போர்க்காலத்தில் அளக்க ஆள் போக முடியாமற் போனதற்கும் ஒரு பங்கு உண்டு.

எண் இல்லாவிட்டால் திறைசேரியிடம் நூலகத்துக்கு ஒரு சதம் கேட்க முடியாது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் என் கவலை எண்ணிக்கை பற்றியதே அல்ல. காட்டுகிறவர்களில் எத்தனை பேர் மூலத்தைக் கண்ணால் கண்டார்கள் என்பதுதான்.

பார்க்காமல் காட்டுவது

சிம்கின், ரோய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ஒரு வேடிக்கையான வழியில் இதை ஆராய்ந்தார்கள். உசாத்துணையில் ஒருவர் விட்ட அச்சுப்பிழை அடுத்தடுத்த கட்டுரைகளில் அப்படியே தொற்றிக்கொண்டு போவதைக் கவனித்து, மூலத்தைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவோர் ஐந்தில் ஒருவர் அளவே இருப்பர் என்று மதிப்பிட்டார்கள். அது இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளின் நிலை. அச்சில் சில பிரதிகளே வந்து, அவற்றிலும் பல போரில் போன திணைக்கள அறிக்கையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்பதற்குக் கிணற்றுநீரே சாட்சி. 1983இல் தேசிய விஞ்ஞான சபையின் ஆய்விதழில் மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி எழுதினார்கள். 1988இல் விவசாயத் திணைக்களத்தின் ஆய்விதழில் நாகராஜாவும் வேறு மூவரும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளை ஆராய்ந்து எழுதினார்கள். வெங்காயத் தோட்டத்துப் பசளை கிணற்றுக்குள் இறங்குவதைப் பேசும் எவருக்கும் இரண்டும் அடித்தளம்.

நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதலாம். முழு நைத்திரேற்றாக எழுதினால் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதிலுள்ள நைதரசனை மட்டும் எழுதினால் அதே எல்லை ஏறத்தாழ 11. ஒரு கிணற்றுக்கு '12' என்று மூலம் நைதரசன் கணக்கில் சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீர் எல்லை தாண்டியது, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாதது. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடுத்த கட்டுரைக்குக் கொண்டுபோனால் அதே கிணறு காகிதத்தில் சுத்தமாகிவிடும். மாரிக்கு முன் எடுத்த மாதிரியா பின் எடுத்ததா, தோட்டக் கிணறா வீட்டுக் கிணறா என்பதும் மூலத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

குடிசன மதிப்பீட்டிலும் அதே குழி இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 830,552 பேர். அந்தத் தொகைக்குள் கிளிநொச்சியும் அடக்கம், அது பின்னர்தான் தனி மாவட்டமானது. கிளிநொச்சியைக் கழித்தால் 738,788. 2012இன் தொகை 583,882. முதல் எண்ணை இரண்டாம் கையாக எடுத்து 2012உடன் ஒப்பிடுகிறவர் ஏறத்தாழ 92,000 பேரைக் கூடுதலாகத் தொலைத்துவிடுகிறார். யாழ்ப்பாணம் இழந்தது கொஞ்சமா? இல்லாத இழப்பையும் அதன் தலையில் ஏற்ற வேண்டுமா?

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் திணைக்களம் தன் அறிக்கைகளுக்கு மாறாத டிஜிட்டல் இலக்கம் கொடுத்து, பழைய வெளியீடுகளையும் ஒரே இடத்தில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அந்த இலக்கம் இருந்தால் பெயரை எப்படிச் சிதைத்து எழுதினாலும் இயந்திரம் ஒரே நூலென்று கண்டுகொள்ளும். நம்மிடம் 2005 முதல் நூலகம் நிறுவனம் அரிய தமிழ்ப் பிரதிகளை மின்வருடி வைக்கிறது. அரச வெளியீடு முழுவதையும் அப்படி ஏற்றும் பொறுப்பை ஆர்வலர்களின் தோளில் சுமத்திவிட்டு அரசு சும்மா இருக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் அதை வைத்துப் பழைய கிணற்று அளவீடுகளை, இணைப்பு அட்டவணைகள் உட்பட, பெயர் சொல்லிக் கேட்கலாம்.

மேற்பார்வையாளர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. அரச அறிக்கையை உசாத்துணையில் போடும் மாணவன், தான் பார்த்த பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்து அட்டவணை என்பதையும் எழுத வேண்டும் என்று விதிக்கட்டும். பார்க்கக் கிடைக்கவில்லையென்றால் யாருடைய கட்டுரையிலிருந்து எடுத்தேன் என்று ஒளிக்காமல் எழுதட்டும். அதற்குக் காசு வேண்டாம், கொழும்பின் அனுமதியும் வேண்டாம். அப்படி எழுதிய பட்டியல்கள் நாலைந்து ஆண்டில் சேர்ந்தால், எந்த அறிக்கை எங்கே மிஞ்சியிருக்கிறது, எது காணாமற் போனது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். மேற்கோளை எண்ணும் வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.