10.8 செக்கன்களும் ஒரு பயிற்றுவிப்பாளரும்

அமெரிக்காவில் 'கல்லூரிக் கூடைப்பந்தாட்டம்' என்று சொல்வது பல்கலைக்கழக அணிகள் மோதும் ஆட்டத்தைத்தான். நமக்குக் கல்லூரி என்றால் பாடசாலை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் தேசியச் சுற்றுப்போட்டி ஆரம்பமாகும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த நாட்களில் வீரர்களைவிட அதிகம் ஏச்சு வாங்குபவர் பயிற்றுவிப்பாளர். கடைசி ஓவரை ஏன் இவருக்குக் கொடுத்தார் என்று நம் வீடுகளில் கிரிக்கெட் அணித் தலைவருக்கு ஏசுவதைப் போன்றதுதான் அதுவும்.

அந்த ஏச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? கடைசிச் சில செக்கன்களை வைத்து ஒருவரின் முழுத் திறமையையும் அளக்கலாமா? இதற்கு ஜோன் கலிபாரியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2008 ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோ நகரில் இறுதிப்போட்டி நடந்தது. கலிபாரியின் மெம்பிஸ் அணி அந்தப் பருவத்தில் 38 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தது. எதிரணி கன்சாஸ். ஆட்டம் முடிய 2 நிமிடங்களும் 12 செக்கன்களும் இருக்கும்போது மெம்பிஸ் 60–51 என முன்னிலையில் இருந்தது. ஒன்பது புள்ளிகள்! அரங்கில் பலர் முடிவு தெரிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

பின்னால் இருக்கும் அணி இப்படியான நேரத்தில் வேண்டுமென்றே 'பவுல்' செய்யும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் கூடைப்பந்தாட்டத்தில் இது எல்லோரும் ஏற்றுக்கொண்ட உத்தி. பவுல் செய்ததும் கடிகாரம் நிற்கும்; முன்னிலையில் இருக்கும் அணிக்குப் 'பிரீ த்ரோ' கிடைக்கும். அதை அவர்கள் தவறவிட்டால் பந்து கைக்கு வரலாம். பிரீ த்ரோவை 15 அடி தூரத்தில் நின்று, யாரும் மறிக்காமல், ஆறுதலாக எறியலாம். வலைப்பந்தாட்டத்தில் கோல் எறியும் மாணவியருக்கு முன்னால் மூன்று அடியில் ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டாவது நிற்பாள். இங்கே அதுவும் இல்லை. ஆனாலும் மெம்பிஸ் அணிக்கு இது வரவே வராது. அந்தப் பருவம் முழுவதும் நூறுக்கு ஏறத்தாழ 61 எறிகளே கூடைக்குள் விழுந்தன. நாட்டிலேயே மிகப் பலவீனமான அணிகளில் ஒன்று என்று அது பெயர் வாங்கியிருந்தது.

கடைசி ஐந்து பிரீ த்ரோக்களில் மெம்பிஸ் நான்கைத் தவறவிட்டது. கிறிஸ் டக்ளஸ்-ரொபர்ட்ஸ் மூன்று, டெரிக் ரோஸ் ஒன்று. ரோஸ் தனது இரண்டாவது எறியைப் போட்டபோது நிலைமை 63–60, மீதி 10.8 செக்கன்கள். கன்சாஸின் ஷெரன் கொலின்ஸ் பந்தைக் கொண்டு ஓடினார், தடுமாறினார், விழப்போகும் நிலையில் மரியோ சால்மர்ஸிடம் கொடுத்தார். சால்மர்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே போனது. மீதி 2.1 செக்கன்கள். மேலதிக நேரத்தில் கன்சாஸ் 75–68 என வென்றது.

அன்றிலிருந்து கலிபாரியிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ஏன் பவுல் செய்யவில்லை? பவுல் செய்திருந்தால் கன்சாஸுக்கு இரண்டு பிரீ த்ரோ மட்டுமே கிடைத்திருக்கும். இரண்டையும் போட்டாலும் 63–62தான். தாங்கள் பவுல் செய்யவே முயன்றதாகக் கலிபாரி ஆட்டத்தின் பின் சொன்னார். ஒளிப்பதிவைப் பார்த்தால் ரோஸ் கொலின்ஸை நெருங்குவது தெரிகிறது. நடுவர் ஊதும் அளவுக்கு அவர் பிடிக்கவில்லை.

இதில் எனக்கும் என் நானாவுக்கும் கடும் வாக்குவாதம். பவுல் செய்யாததே குற்றம் என்பது அவர் கட்சி. நான் கணக்கைக் காட்டினேன். 10 செக்கன் இருக்கும்போதே பவுல் செய்தால் ஆட்டம் அங்கே முடியாது. கன்சாஸ் இரண்டைப் போட்டுவிட்டு உடனே மெம்பிஸை பவுல் செய்யும். மறுபடியும் மெம்பிஸ் பிரீ த்ரோ கோட்டில் நிற்கவேண்டும். 61 வீதம் போடும் அணி இரண்டையும் போடுவதற்கான வாய்ப்பு 0.61 × 0.61, அதாவது ஏறத்தாழ 37 வீதம். பிரீ த்ரோ நன்றாகப் போடும் அணிக்குப் பவுல் நல்ல மருந்து; போடத் தெரியாத அணிக்கு அதே மருந்து பாதி நஞ்சு. ஐந்து செக்கனுக்குக் கீழே போனபின் என்றால் நானா சொல்வது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சரியாக அந்த நொடியில் பிடிக்கவேண்டும். அவர் எறிய ஆரம்பித்த பின் கை பட்டால் மூன்று பிரீ த்ரோ போய்விடும்.

பந்தை யார் கையில் வைத்திருப்பது என்பதிலும் கலிபாரி பிழைவிடவில்லை. ரோஸும் டக்ளஸ்-ரொபர்ட்ஸும் அணிச் சராசரியைவிட நன்றாக எறிபவர்கள். சரியான கைகளில்தான் பந்து இருந்தது.

ஆகவே நான் அவரைக் குற்றம் சொல்வது அந்த 10.8 செக்கனுக்காக அல்ல. அதற்கு முந்திய ஐந்து மாதங்களுக்காக. பிரீ த்ரோ பற்றிப் பருவம் முழுவதும் கேட்டார்கள். முக்கியமான நேரத்தில் பையன்கள் போடுவார்கள் என்பதே அவருடைய பதிலாக இருந்தது. கணக்கு வினாவில் பலவீனமான பிள்ளை பரீட்சையன்று செய்துவிடுவாள் என்று நம்பும் ஆசிரியரை நம் பெற்றோர் விடுவார்களா?

மொத்தத் திறமை என்று பார்த்தால் படம் வேறு. 2009 இல் கென்டக்கிக்குப் போனார். முதல் வருட மாணவர்களையே நம்பி அணி கட்டி, 2012 இல் அதே கன்சாஸை 67–59 என வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தார். எதிரணிப் பயிற்றுவிப்பாளரும் 2008 இல் இருந்த அதே பில் செல்ப்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை, அடுத்த வருடமே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப்போகிறவர்களை, ஒருவருக்கொருவர் பந்து கொடுக்க வைப்பது சின்ன விடயமல்ல. 2015 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். மறுபக்கமும் இருக்கிறது. மெம்பிஸின் அந்த 38 வெற்றிகளும், ஒரு வீரரின் அனுமதிப் பரீட்சைப் பெறுபேறு செல்லாதென்று ஆனதால், பின்னர் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. அதில் கலிபாரி மீது குற்றம் சாட்டப்படவில்லை.

நானாவின் பக்கம் வலுவாவது இதற்குப் பிறகுதான். 2015 இல் கென்டக்கி 38 ஆட்டங்களிலும் தோல்வியே இல்லாமல் அரையிறுதிக்கு வந்தது. விஸ்கொன்சினுக்கு எதிராக நான்கு புள்ளி முன்னிலை. பந்தை வைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டது போல ஆடி, எறியவேண்டிய நேரத்துக்குள் எறியாமல் தொடர்ந்து மூன்று தடவை பந்தை இழந்தது. 71–64 எனத் தோற்றது. 2024 இல் முதல் சுற்றிலேயே ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திடம் தோற்று, அத்தோடு கென்டக்கியை விட்டு ஆர்கன்சோவுக்குப் போனார். 2025 இல் அங்கே கன்சாஸையும் சென்ட் ஜோன்ஸையும் வென்று எல்லோரையும் வியக்க வைத்தார். அடுத்த ஆட்டத்தில் டெக்சாஸ் டெக்கிற்கு எதிராக 16 புள்ளி முன்னிலையைப் பறிகொடுத்து, மேலதிக நேரத்தில் 85–83 எனத் தோற்றார்.

ஒரு தடவை நடந்தால் விதி என்று விடலாம். பதினேழு வருடங்களில் மூன்று பெரிய முன்னிலைகள் ஒரே விதமாகக் கரைந்தால், முன்னிலையைக் காக்கும்போது அவருடைய அணிகள் ஆடுவதை நிறுத்திவிடுகின்றன என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அணி கட்டுவதில் அவரைப் போல் சிலரே இருக்கிறார்கள். கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் பில் செல்ப்பைக் கேட்பேன். சால்மர்ஸ் எறிந்தது தற்செயல் அல்ல. கன்சாஸ் பல தடவை பயிற்சி செய்து, பெயரும் வைத்திருந்த ஒரு நகர்வு அது. மெம்பிஸ் பக்கத்தில் பவுல் செய்யும் பயிற்சி அந்த அளவுக்கு நடந்திருந்தால், ரோஸின் கை கொலின்ஸின் தோளைத் தவறவிட்டிருக்காது.