காகித நாடாவின் சாட்சியம்

நுழையும்முன்

காற்றில் வந்த ஒலி, கேட்ட கணத்திலேயே மறைந்துவிடும். கேட்டவர் ‘கேட்டேன்’ என்பார், கேளாதவர் ஐயுறுவார். எழுத்தில் பதிந்ததோ யாவரும் காணும் சான்றாக நிற்கும். கம்பியில்லாத் தந்தி தோன்றிய காலத்தில் இந்த ஐயத்தை ஒரு காகிதச் சுருள் எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், பழுதுபட்டு வரும் குறிகளிலிருந்து செய்தியை மீட்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓர் உச்சிப்பொழுதும் ஓர் ஐயமும்

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் நகருக்கு அருகிலுள்ள சிக்னல் குன்றின்மேல் கடுங்காற்று வீசிக்கொண்டிருந்தது. வான்கம்பியைத் தாங்குவதற்காகப் பறக்கவிடப்பட்ட பலூன் அறுந்துபோகவே, குலியெல்மோ மார்க்கோனி ஒரு பட்டத்தின் துணையோடு கம்பியை மேலே ஏற்றினார். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து, மோர்ஸ் முறையில் ‘எஸ்’ எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் இடைவிடாது அனுப்பப்பட்டன. இரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் அம்மூன்று புள்ளிகளும் தம் காதில் விழுந்ததாக மார்க்கோனி அறிவித்தார். உடனிருந்த உதவியாளர் ஜார்ஜ் கெம்பும் அவற்றைக் கேட்டதாகக் கூறினார்.

உலகம் வியந்தது, அறிவியலாளர் பலர் தயங்கினர். இடி, மின்னலால் வளிமண்டலத்தில் எழும் மின்னதிர்வுகளும் ‘டிக், டிக்’ என்றே ஒலிக்கும். மூன்று புள்ளிகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது, இரைச்சலிலும் மூன்று புள்ளிகளைக் கேட்டுவிடக் கூடுமன்றோ? மார்க்கோனியிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. குறிகளைத் தானே எழுதும் கருவி அவரிடம் இருந்தது. ஆனால், காற்றில் பட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தமையால் வான்கம்பியின் மின்னியல்பு மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே அவர் எழுதும் கருவியை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியின் கேட்கும் குழலைக் காதில் வைத்துக்கொண்டார். அதனால் உணர்திறன் கிடைத்தது. சான்று கிடைக்காமற் போயிற்று.

சுருளின் இயக்கம்

குறிகளைக் காகிதத்தில் எழுதும் வழக்கம் கம்பித் தந்தியோடு பிறந்தது. 1844-இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தியை இயக்கிக் காட்டியபோது, செய்தி வந்துசேர்ந்த இடம் ஒரு நீண்ட காகித நாடாவே. மின்காந்தம் ஓர் எழுத்தாணியைக் காகிதத்தில் அழுத்தும். கடிகாரப் பொறி நாடாவை இழுத்துச் செல்லும். மின்னோட்டம் சற்றே பாய்ந்தால் புள்ளி. நீண்டு பாய்ந்தால் கோடு.

இங்கு நாடாவின் வேகமே அளவுகோலாகிறது என்பதை மாணவர் கருத வேண்டும். வேகம் சீராக இல்லையேல் புள்ளி கோடாகும், கோடு புள்ளியாகும். ஆனால், சுருளிலிருந்து காகிதத்தைச் சீராக இழுப்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. காகிதம் தீரத் தீரச் சுருளின் ஆரம் குறைகிறது. அதே நீளக் காகிதத்தைத் தருவதற்குச் சுருள் விரைந்து சுழல வேண்டியதாகிறது. சுருள் தறிகெட்டுச் சுழலாதிருக்க அதன் அச்சில் ஒரு தடை பூட்டப்படும். தடையின் திருப்புவிசை மாறாதிருக்க, ஆரம் 10 சென்டிமீட்டரிலிருந்து 2.5 சென்டிமீட்டராகக் குறைந்தால், நாடாவில் உண்டாகும் இழுவிசை நான்கு மடங்காகிவிடும். நிறைந்த சுருளில் நன்கு ஓடிய நாடா, தீரும் நேரத்தில் அறுந்துபோவதன் காரணம் இதுவே. நிறைந்த சுருளுக்கோ வேறொரு தொல்லை உண்டு. அது கனமானது, திடீரென்று இழுத்தால் அசைய மறுக்கும், அப்போதும் காகிதம் கிழியும்.

இவ்விரு தொல்லைகளுக்கும் பொறியாளர் கண்ட தீர்வு மிக எளியது. சுருளுக்கும் எழுதும் முனைக்கும் இடையே காகிதத்தைச் சிறிது தளரவிட்டு, அத்தளர்ந்த வளைவின்மேல் ஏறி இறங்கும் ஓர் உருளையை வைத்தனர். இழுவிசை மிகுந்தால் உருளை மேலெழும். அதனோடு இணைந்த தடை நெகிழும். இழுவிசை குறைந்தால் உருளை தாழும், தடை இறுகும். சுருள் தன் தடையைத் தானே திருத்திக்கொள்கிறது என்றே கூறலாம்.

இதே சிக்கல் நாளிதழ் அச்சகங்களில் பேருருக் கொண்டது. தாள் தாளாக ஊட்டுவதற்கு மாற்றாக, தொடர்ந்து வரும் சுருளிலிருந்து அச்சிடும் எந்திரத்திற்கு அமெரிக்கராகிய வில்லியம் புல்லக் 1863-இல் காப்புரிமை பெற்றார். தாம் உருவாக்கிய எந்திரத்திலேயே கால் சிக்கி, 1867-இல் அவர் உயிரிழந்தது வருந்தத்தக்கது. பிற்காலத்தில், ஒரு சுருள் தீரும்போது எந்திரத்தை நிறுத்தாமலே அடுத்த சுருளை இணைக்கும் முறையும் வந்தது. புதிய சுருளை, ஓடும் காகிதத்தின் வேகத்திற்கு முதலில் சுழற்றிவிடுவர். அதன் விளிம்பில் பசை தடவப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் கணத்தில் ஒன்றோடொன்று அழுத்த, பசை பற்றிக்கொள்ளும். பழைய சுருள் வெட்டப்படும். வேகம் ஒத்துப்போவதே இங்கு உயிர்நாடி.

இரும்புத் துகளும் சுத்தியலும்

கம்பி இல்லாமல் வரும் அலை மிக நலிந்தது. எழுத்தாணியை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை. அவ்வலையை உணர்வதற்கு ஒரு வாயில் தேவைப்பட்டது. பிரெஞ்சு அறிவியலாளர் எதுவார் பிரான்லி 1890-இல் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கண்ணாடிக் குழலில் இட்ட உலோகத் துகள்கள் இயல்பாக மின்னோட்டத்தைத் தடுக்கும்; அருகில் மின்பொறி தோன்றினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தை விடும். இக்கருவிக்கு ‘கோஹெரர்’ என்று பெயரிட்டவர் ஆலிவர் லாட்ஜ்.

ஒட்டிய துகள்கள் தாமே பிரிவதில்லை. ஆகவே, ஒவ்வொரு குறிக்கும் பின்னர் ஒரு சிறு சுத்தியல் குழலைத் தட்டி அவற்றை உதிர்க்க வேண்டியிருந்தது. அலை வந்ததும் துகள்கள் ஒட்டும். ரிலே எனப்படும் மின்விசைமாற்றி இயங்கும். அது உள்ளூர் மின்கலத்தின் வலிய மின்னோட்டத்தை எழுதும் கருவிக்கு அனுப்பும். அதே நேரத்தில் சுத்தியலும் தட்டும். நாடாவில் மைக்குறி விழும். மெதுவான முறைதான், நிமிடத்திற்குப் பதினைந்து சொற்கள் எழுதுவதே அரிது. மின்னலையும் செய்தியையும் பிரித்தறியும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆயினும் அது எழுதியது அழியாது.

இவ்விடத்தில் ஓர் இந்தியரை நினைவுகூர்வது கடமையாகும். ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கொல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர்களைக் கடந்து செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். தட்டாமலே தன்னிலைக்குத் திரும்பும் இரும்பு–பாதரச உணர்கருவியை அவர் 1899-இல் இலண்டன் இராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். சிக்னல் குன்றில் மார்க்கோனி பயன்படுத்திய பாதரச உணர்கருவி, இத்தாலியக் கடற்படை வழியாக அவருக்குக் கிடைத்தது. அதன் மூலம் போஸின் கருவியே என்று பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அக்கருவிக்குச் சுத்தியல் தேவையில்லை என்பதாலேயே தொலைபேசிக் குழலோடு அது நன்கு பொருந்தியது. புகழ் ஒருவரைச் சேர, உழைப்பு மற்றொருவரிடம் தங்கிவிடுவது அறிவியல் வரலாற்றில் புதிதன்று.

கையொப்பமிட்ட நாடா

ஐயத்தை வாதத்தால் தீர்க்க மார்க்கோனி முயலவில்லை. 1902 பிப்ரவரியில் அவர் ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கப்பலின் உயர்ந்த பாய்மரத்தில் வான்கம்பி உறுதியாகக் கட்டப்பட்டது. இம்முறை பட்டத்தின் அலைவு இல்லை. கேட்கும் குழலோடு, கோஹெரரும் காகித நாடாவும் பொருத்தப்பட்டன. போல்டு நிலையம் குறித்த வேளைகளில் குறிகளை அனுப்பியது. கப்பல் விலக விலக நாடாவில் குறிகள் பதிந்துகொண்டே வந்தன. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு வரை முழுச் செய்திகள் நாடாவில் தெளிவாகப் பதிந்தன. தனி எழுத்துகளாகிய சோதனைக் குறிகள் அதற்கும் அப்பால், 3,000 கிலோமீட்டரைக் கடந்தும் கிடைத்தன. கப்பல் தலைவர் சான்றாகக் கையொப்பமிட்டார்.

ஆனால், நாடா மார்க்கோனிக்குச் சார்பாக மட்டும் பேசவில்லை. இத்தொலைவுகள் எல்லாம் இரவில் கிடைத்தவை. பகலில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்குமேல் குறிகள் எட்டவில்லை! சிக்னல் குன்றின் நிகழ்ச்சியோ நண்பகலில் நடந்தது. பகலொளி வானொலி அலைகளைத் தளரச் செய்கிறது என்னும் புதிய உண்மை இவ்வாறு வெளிப்பட்டது; 1901-இல் மார்க்கோனி உண்மையிலேயே என்ன கேட்டார் என்னும் கேள்வியும் கூர்மையடைந்தது. அக்கேள்வி இன்றும் முழுமையாக அடங்கவில்லை. நடுநிலை தவறாத சாட்சி, அழைத்தவருக்கும் அஞ்சாது.

பிழையை எவ்வாறு அறிவது?

குறி பதிவாயிற்று, அது சரியான குறிதானா? அடுத்த அரைநூற்றாண்டின் சிக்கல் இதுவே. எமில் போதோ 1874-இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒவ்வோர் எழுத்தும் ஐந்து அலகுகளால் ஆனது. நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மர்ரே, அதனைத் துளையிடப்பட்ட நாடாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். மிகுதியாக வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகளை ஒதுக்கியது அவருடைய நுண்ணறிவு. துளையிடும் கருவியின் தேய்மானம் அதனால் குறைந்தது. நாடாவின் நெடுகிலும் சிறு ஊட்டுத்துளைகள் இருந்தன. பற்சக்கரம் அவற்றில் பற்றி இழுத்ததால், நாடா வழுக்குவதற்கு இடமில்லாமற் போயிற்று.

ஐந்தலகால் 32 சேர்க்கைகள் உண்டாகும். அவை அனைத்தும் பயன்பாட்டில் இருந்தன. அதனால் ஓர் அலகு மாறினாலும் விளைவது மற்றொரு முறையான குறியே. பிழை, பிழையாகத் தோன்றுவதில்லை! கம்பியில் அரிதாக நேர்ந்த இத்தவறு, வானொலியில் அன்றாட நிகழ்வாயிற்று. நெதர்லாந்துப் பொறியாளர் வான் டியூரன் இதற்கு ஏழலகுக் குறியீட்டைப் பயன்படுத்தினார். ஏழலகால் 128 சேர்க்கைகள் அமையும். அவற்றுள் சரியாக மூன்று அலகுகள் மட்டும் ‘உண்டு’ நிலையில் இருக்கும் 35 சேர்க்கைகளையே அவர் ஏற்றார். ஓர் அலகு கெட்டால் எண்ணிக்கை இரண்டாகவோ நான்காகவோ மாறிவிடும். பெறும் எந்திரம் உடனே அதை உணர்ந்து, மீண்டும் அனுப்புமாறு கேட்கும்.

ஜெர்மானியராகிய ருடால்ஃப் ஹெல் வேறு வழியில் சென்றார். 1929-இல் அவர் அமைத்த கருவி, எழுத்தைக் குறியீடாக மாற்றவில்லை. எழுத்தின் வடிவத்தையே சிறு புள்ளிகளாகப் பிரித்து அனுப்பியது. பெறும் இடத்தில், மை தோய்ந்த திருகு உருளை ஒன்று சுழலும். குறி வரும்போதெல்லாம் காகித நாடா அதன்மேல் அழுத்தப்படும். இருமுனைகளின் வேகம் சற்று வேறுபட்டால் எழுத்துவரிசை மேலோ கீழோ சாயும். ஆகவே, ஒவ்வொரு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருமுறை அச்சாகுமாறு அமைத்தார். ஒன்று விளிம்பில் வெட்டுப்பட்டாலும் மற்றொன்று முழுமையாக நிற்கும். இரைச்சலால் விழும் புள்ளிகளோ வெறும் கறைகளே. மனிதக் கண் அவற்றைக் கடந்து எழுத்தைப் படித்துவிடும்.

எந்திரமே பிழையைக் கண்டு, மீண்டும் கேளாமல் தானே திருத்திக்கொள்ள இயலுமா? இவ்வினா ரிச்சர்ட் ஹாமிங்குக்கு எழுந்ததும் துளைநாடாவின் வழியாகத்தான். பெல் ஆய்வுக்கூடத்தில் ரிலேக்களால் ஆன கணிப்பொறி, வார இறுதியில் ஆளில்லாமல் அவருடைய கணக்குகளைச் செய்யும். பிழை நேர்ந்தால் அக்கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குச் சென்றுவிடும். பிழையைக் கண்டறியத் தெரிந்த எந்திரத்திற்கு, அதன் இடத்தை அறியத் தெரியாதா என்று அவர் சிந்தித்தார். 1950-இல் விடை வெளியாயிற்று.

நான்கு இலக்கச் செய்தி 1011 எனக் கொள்வோம். ஏழு இடங்களில் 3, 5, 6, 7-ஆம் இடங்களில் இதனை வைப்போம். எஞ்சிய 1, 2, 4-ஆம் இடங்கள் காவலர்களுக்கு உரியவை. முதற்காவலர் 1, 3, 5, 7 ஆகிய இடங்களையும், இரண்டாமவர் 2, 3, 6, 7-ஐயும், நான்காம் இடத்துக் காவலர் 4, 5, 6, 7-ஐயும் கண்காணிப்பர். ஒவ்வொரு குழுவிலும் ‘1’களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்குமாறு காவலிலக்கம் இடப்படும். இவ்வாறு 0110011 கிடைக்கிறது. வழியில் ஐந்தாம் இலக்கம் கெட்டு 0110111 என வந்ததாகக் கொள்வோம். முதற்குழு ஒற்றைப்படை, தவறு. இரண்டாம் குழு சரி. நான்காம் இடத்துக் குழு தவறு. முறையிட்ட காவலரின் எண்களாகிய 1-ஐயும் 4-ஐயும் கூட்ட 5 வருகிறது. பிழை ஐந்தாம் இடத்தில்! அதனை மாற்றினால் செய்தி மீள்கிறது.

1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி இன்னும் ஒரு படி சென்றார். குறிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணையுமாறு அனுப்பப்பட்டால், தனிக்குறியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. படிப்பவர் ஓரெழுத்தில் நின்றுவிடாமல், தொடர் செல்லும் போக்கைக் கண்டு முந்தைய எழுத்தைத் தெளிவர். விட்டர்பியின் முறையும் அத்தகையதே. வந்திருக்கக்கூடிய வழிகளை எல்லாம் அது தொடரும். இரு வழிகள் ஓரிடத்தில் சந்திக்கும்போது, பெற்ற குறிகளோடு மிகுதியாக ஒத்துப்போகும் வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால் வழிகள் பெருகி மலைக்க வைப்பதில்லை.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் தம் செய்திகளை இவ்வாறு பின்னியே அனுப்பின. அவற்றின் வானொலி ஆற்றல், ஒரு சிறு மின்விளக்கின் ஆற்றலை ஒத்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட வாட்டுகளே. உடனே அனுப்ப இயலாத படங்களைச் சேமித்து வைக்க, ஒவ்வொரு கலத்திலும் எட்டுத் தடங்கள் கொண்ட காந்த நாடாச் சுருள் ஒன்று இருந்தது. 1989 ஆகஸ்டில் நெப்டியூனை நெருங்கிய வாயேஜர்-2 எடுத்த படங்கள், நான்கு மணி நேரத்திற்கும் மேலாகப் பயணம் செய்து, இரைச்சலில் பெரும்பாலும் மூழ்கியவையாகப் புவியின் வான்கிண்ணங்களை அடைந்தன. அங்கிருந்த கணிப்பொறிகள் வழிகளைத் தொடர்ந்து, தவறியவற்றை விலக்கி, நீலநிறக் கோளின் முகத்தை வரிவரியாக மீட்டெடுத்தன.