மீண்டால் இயற்பியல் மாற்றமா?

6, 7 ஆம் வகுப்புகளில் மாற்றங்கள் பற்றிய பாடத்தை முடித்தபின் இயற்பியல் மாற்றத்திற்கும் வேதியியல் மாற்றத்திற்கும் வேறுபாடு கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் சொல்லும் விடை இதுதான்: "பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்." பனிக்கட்டி உருகுவதற்கும் காகிதம் எரிவதற்கும் இது பொருந்துவதால் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. ஆனால் இதையே விதியாகக் கொண்ட மாணவர், 10 ஆம் வகுப்பில் மீள் வினைகளைப் படிக்கும்போது தடுமாறுகிறார். வேதிவினை எப்படித் திரும்பும் என்பது அவருக்குப் புரிவதில்லை.

விதி உடையும் இடங்கள்

அரிசியை அரைத்தால் மாவு மீண்டும் அரிசியாகாது. காகிதத்தைக் கிழித்தால் பழைய தாள் கிடைக்காது. இவை மீளா மாற்றங்கள். ஆனால் பொருள் மாறவில்லை. எனவே இவை இயற்பியல் மாற்றங்களே.

மயில்துத்தத்தின் நீலப் படிகங்களைச் சோதனைக்குழாயில் மெதுவாகச் சூடாக்கினால் படிகநீர் வெளியேறி, வெண்மையான பொடி கிடைக்கும். ஆறியபின் சில துளி நீர் விட்டால் நீலநிறம் திரும்பும். இது மீள் மாற்றம். ஆனால் வேதியியல் மாற்றம்.

சுண்ணாம்பின் சுற்று

மாணவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கும் சான்று சுண்ணாம்பு. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூளையில் முழுமையாகச் சுட்டால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிராம் நீருடன் வினைபுரிந்து, மிகுந்த வெப்பத்துடன் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் அடித்தபின், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல ஏற்று, நீரை வெளியிட்டு, மீண்டும் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாகிறது. மூன்றும் வேதியியல் மாற்றங்கள். ஆனால் தொடங்கிய பொருளிலேயே வந்து நிற்கிறோம்! இந்த எண்களைக் கரும்பலகையில் வட்டமாக எழுதினால் நிறை மாறா விதியும் சேர்ந்து விளங்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி ஓர் இரவு வையுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை வடிகட்டி எடுத்து, உறிஞ்சுகுழலால் ஊதச் செய்யுங்கள். நீர் பால்போல் வெண்மையாகும். புதிதாக உருவான கால்சியம் கார்பனேட்டே அந்த வெண்மை. உறிஞ்சக் கூடாது, ஊத மட்டுமே வேண்டும் என்பதை முன்பே வலியுறுத்துங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றும் வேலையை மாணவர்களிடம் தர வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி

"திரும்புமா?" என்பதைவிட "புதிய பொருள் உருவானதா?" என்று கேட்பதே சரி. நிறமாற்றம், வெப்பம், குமிழி ஆகியவை தடயங்கள் மட்டுமே. கொதிக்கும் நீரிலும் குமிழி வருகிறது. ஆனால் அக்குமிழியில் இருப்பது நீராவி, அதாவது நீரேதான்.

தேர்விலும் வகைப்படுத்தச் சொல்வதோடு நிறுத்தாமல், "எந்தப் பொருள் புதிதாக உருவானது?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். அந்த ஒரு வரி விடையிலேயே மாணவர் மனப்பாடம் செய்தாரா, புரிந்துகொண்டாரா என்பது நமக்குத் தெரிந்துவிடும்.