ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, திருப்பாலைத்துறை கோயில் வாசலில் பூஜை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கார் மூன்றாம் வாரமே மக்கர் செய்தால், அந்த வீட்டில் பேச்சே மாறிவிடுகிறது. பாலத்தில் ஏறும்போது இழுவை குறைகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் விட்டால் இரண்டு நாள் வைத்திருந்து, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, இப்ப ஓகே சார்" என்று சாவியைக் கொடுக்கிறார்கள். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

பாபநாசம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. பெரும்பாலான கார் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரில் இருக்கும், இல்லையென்றால் கும்பகோணத்தில் இருக்கும். ஒன்று சுமார் 25 கிலோமீட்டர், மற்றது சுமார் 15. காரை விட்டுவிட்டுப் பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பி, மறுபடி போய் எடுத்துவர இரண்டு நாள் வேலை கெடும். அறுவடை நேரத்தில், கொள்முதல் நிலையத்தில் மூட்டை காத்துக்கிடக்கும்போது யாரால் போக முடியும்? அதனால் பலரும் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வருகிறது. அல்லது ஊரிலேயே தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி ஒப்பேற்றுகிறார்கள். பின்னாளில் வழக்கு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வெளி மெக்கானிக் கை வைத்ததோ, வாரண்டியை மறுக்கக் கம்பெனிக்குக் கிடைக்கும் முதல் காரணம்.

நம் நாட்டுச் சட்டத்தில் கோளாறு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவர் கார் வாங்கியவர். ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை, கோளாறைக் காகிதத்தில் ஏற்றுவது. அந்தக் காகிதத்தின் பெயர் ஜாப் கார்டு.

கவுன்டரில் நடப்பது

காரை விடும்போது சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு, "இங்க ஒரு சைன் போடுங்க சார்" என்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது, "போன மாசத்திலிருந்து மூணாவது தடவையா வரேன், ரெண்டாவது கியர்ல வண்டி இழுக்கல, விளக்கு எரியுது" என்பது. அவர் ஏற்றியிருப்பது, "ஜெனரல் செக்கப்" என்ற இரண்டு சொல். இதே ஜாப் கார்டை ஒரு வருடம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனியின் வக்கீல் எடுத்துக் காட்டுவார். வாடிக்கையாளர் வழக்கமான பராமரிப்புக்குத்தான் வந்தார், புகார் எதுவும் சொல்லவில்லை என்பார். உங்கள் கையெழுத்தும் அடியில் இருக்கும்.

"இழுக்கல", "ஏதோ சத்தம்" என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டு, "பரிசோதித்ததில் எல்லாம் சரி" என்று முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலையில் முதல் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடிய பிறகு, ஏ.சி. போட்டிருக்கும்போது, இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திணறுகிறது. அப்போது இன்ஜின் விளக்கு எரிகிறது. மீட்டரில் அப்போது இருந்த கிலோமீட்டர் இது. இதே புகாருக்காக வருவது மூன்றாம் முறை." முன்பு வந்த தேதியையும் பழைய ஜாப் கார்டு எண்ணையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால், அங்கேயே நின்று அதே வாசகத்தை டீலரின் மின்னஞ்சலுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். விளக்கு எரியும்போதும் சத்தம் வரும்போதும் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மீட்டர் தெரிய வேண்டும்.

இப்போதைய கார்களில் கோளாறு வந்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு கோடு எண்ணைப் பதிந்துகொள்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டியதும் அது தெரியும். விளக்கை அணைப்பதற்காக அந்தப் பதிவை அவர்கள் அழித்துவிடுவதும் உண்டு. அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரின்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான அட்வைசர் தயங்காமல் கொடுப்பார். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

காரை எடுக்கும்போதும் ஒரு கையெழுத்து கேட்பார்கள். "வேலை திருப்தி" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டாம். "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். வாரண்டியில் பில் தொகை பூஜ்யமாக இருந்தாலும், என்ன பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய தாள் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

எலி, எரிபொருள், ஓட்டும் விதம்

கோளாறை ஒப்புக்கொள்ளாத சர்வீஸ் சென்டர் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். டெல்டாவில் முதலிடம் எலிக்கு. வயலில் அறுவடை முடிந்தால் எலி வீட்டுப் பக்கம் வருவதும், பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடிப்பதும் உண்மைதான். எலி கடித்ததற்கு வாரண்டி கிடையாது என்பதும் உண்மை. ஆனால் கடித்திருந்தால் கடித்த இடம் இருக்கும். "எந்த வயர், போட்டோ காட்டுங்கள்" என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மழைத்தண்ணீர் புகுந்தது என்றால் எதுவரை நனைந்தது என்று கேளுங்கள். கலப்பட டீசல் என்றால், எந்தப் பரிசோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். பங்க் பில்லைப் பத்திரமாக வைத்திருப்பதும் நல்லது.

ஓட்டும் விதம் பற்றிச் சொல்வதில் மட்டும் சில நேரம் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. சேர்ந்த கரி எரிந்து போக, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வயல் என்றே ஓடும் டீசல் காரில் கரி அடைத்துக்கொண்டு விளக்கு எரியத்தான் செய்யும். என்ன செய்ய வேண்டும் என்று ஓனர் மேனுவலில் இருக்கிறது. அதன்படி ஓட்டிப் பாருங்கள். எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்தால் உங்கள் புகார் இரட்டிப்பு பலம் பெறும்.

"இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார்" என்பது இன்னொரு பதில். சரி, அதே மாடலில் வேறொரு காரை, அதே ரோட்டில், அதே அட்வைசரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காரில் கோளாறு இல்லையென்றால் பழுது உங்கள் காரில் என்பது அவர் கண்முன்னே உறுதியாகிவிடும். அதிலும் இருந்தால், வடிவமைப்பிலேயே குறை என்றாகிறது. அது இன்னும் பெரிய விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வடிவமைப்புக் குறைக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட குறையாக இருந்து, பலரும் புகார் கொடுத்தால், அந்த மாடலையே திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய அரசுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அதிகாரம் தருகிறது.

நீதிமன்றம் என்ன தரும், என்ன தராது

"புதுக் காரையே மாற்றிக் கொடு" என்பதுதான் எல்லோருடைய முதல் கோரிக்கை. அது எளிதில் கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கிளட்ச் கோளாறு தொடர்பாக மாருதி மீது நடந்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கே, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஃபியட் சியனா காரின் இன்ஜின் சத்தம் பற்றிய வழக்கில் 2010இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: முதலில் புது இன்ஜின் போட்டுக் கொடுங்கள், அதன் பிறகும் உற்பத்திக் குறை இருப்பதாக நிபுணர் சொன்னால் விலையை வட்டியோடு திருப்பிக் கொடுங்கள். 2004இல் பிரீமியர் டீசல் கார் வழக்கில், குறையுள்ள காரைப் புதுக் கார் என்று விற்றது வெட்கக்கேடு, அதை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியது அதைவிட வருத்தத்துக்குரியது என்று நீதிபதிகள் கம்பெனியைக் கண்டித்தார்கள்.

இந்த வழக்குகளில் நிபுணர் அறிக்கை முக்கியம். ஆணையமே காரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலக மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ நியமிப்பதும் உண்டு. மனுவோடு சேர்த்தே இதைக் கேட்டுவிட வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் நிபுணர் வேண்டும் என்பதில்லை. விபத்தில் கிரெட்டா காரின் ஏர்பேக் விரியாத வழக்கில், மோதிய வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்கியவர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாயின் மேல்முறையீட்டைத் தள்ளியது. புது வாகனம் தர வேண்டும் என்ற உத்தரவும் நிலைத்தது.

டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதை மறக்கக்கூடாது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பழைய மாடலைப் புதியது என்று விற்ற ஒரு டாடா டீலரின் செயலுக்கு, தெரிந்தே உடந்தையாக இருந்ததாக நிரூபிக்காமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் தீர்ப்பு வந்திருக்கிறது. யார் எதற்குப் பொறுப்பு என்று மனுவிலேயே பிரித்து எழுத வேண்டும்.

2019 டிசம்பரில் உதய்ப்பூரில் ஒருவர் தன் புதுக் காரைக் கழுதை கட்டி இழுத்து ஊர்வலம் விட்டார். வீடியோ நாடெங்கும் ஓடியது. கம்பெனி சட்ட நடவடிக்கை பற்றிப் பேசியது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த வீடியோ எந்த ஆணையத்திலும் நிபுணர் அறிக்கைக்கு ஈடாகாது.

கடிதம், 1915, தஞ்சாவூர்

ஒரே கோளாறுக்கு மூன்று முறை போயும் தீரவில்லை என்றால் கடிதம் எழுதும் நேரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, சேசிஸ் எண், கோளாறு, ஒவ்வொரு முறை விட்ட தேதியும் ஜாப் கார்டு எண்ணும், மொத்தம் எத்தனை நாள் கார் அவர்களிடம் கிடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். திட்டு வேண்டாம். டீலருக்கு ஒன்று, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கோபத்தில் கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் காரின் கோளாறுக்கும் சம்பந்தமில்லை, வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பதில் இல்லையென்றால் 1915. இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். கம்பெனிக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை, ஆனால் புகார் நேராகக் கம்பெனிக்குப் போவதால் பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

அதற்கு மேல் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முன்பெல்லாம் திருச்சியிலோ சென்னையிலோ வாங்கிய காருக்கு அந்த ஊரில்தான் வழக்குப் போடவேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் கொடுத்தது. ராஜகிரியிலோ கபிஸ்தலத்திலோ இருப்பவருக்கு இது பெரிய உதவி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆன்லைனிலும் மனு போடலாம். அதற்கான தளம் இ-ஜாக்ரிதி. சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக வாடகைக் கார் வாங்கியவரும் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான்.

பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. மெர்சிடிஸ் காரின் உட்பகுதி சூடானது பற்றிய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் போன மேல்முறையீடு 2024 ஜூலையில்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியோடு அத்தனை வருடம் மல்லுக்கட்ட ஒரு விவசாயியாலோ ஆசிரியராலோ முடியுமா? சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று விற்றவர் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1982லேயே புதுக் கார்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் சரிசெய்தும் தீராத காரைக் கம்பெனி மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை. இத்தனை லட்சம் கார் விற்கும் நாட்டில் நிரூபிக்கும் சுமையை வாங்கியவர் தலையில் வைத்திருப்பது அநியாயம். அதை மாற்றும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அதுவரை இருக்கிற சட்டத்தைக்கொண்டே போராட வேண்டும். அதில் ஒரு கெடு உண்டு: வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தைக் கரைத்தவர்கள் ஏராளம். உங்கள் காரில் கோளாறு முதலில் தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதென்றால், இந்த வாரமே ஜாப் கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.