ராத்திரி டைப் அடித்தால் பக்கத்து ரூம் முழிக்குதா? சத்தம் குறைந்த மெக்கானிக்கல் கீபோர்டை நீங்களே அமைப்பது எப்படி?

புனேயின் ஹிஞ்சவடி, வாகட், கராடி பகுதிகளில் ஒரு வாடகை ஃபிளாட்டை மூன்று, நான்கு பேர் பங்கிட்டுக்கொள்வது சாதாரணம். ஒருவருக்கு அமெரிக்க நேரப்படி வேலை. இன்னொருவருக்குக் காலையில் சீக்கிரமே கம்பெனி பஸ். ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் மெக்கானிக்கல் கீபோர்டு ஓடினால் யார் தூக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் நிலைமை இன்னும் மோசம். குளிருக்கு ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அதுவரை ஃபேன் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த ‘டக் டக்’ அப்போதுதான் தெளிவாகக் கேட்கும்.

‘அப்போ சாதா கீபோர்டு வாங்கிட்டா போச்சு’ன்னு தோணலாம். ஆனால் நாள் முழுக்க டைப் செய்பவர்கள் பலருக்கு மெக்கானிக்கல் கீபோர்டின் தொடு உணர்வு பழகிவிட்டது. ஒரு கீ கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்ற வசதியும் உண்டு. சரி, சத்தத்தை மட்டும் கழற்றிப் போட முடியுமா? பெருமளவு முடியும்.

இந்தச் சத்தத்தால் என்ன பயன்?

புனேயிலிருந்து சதாரா போகும் நெடுஞ்சாலையில் உள்ள சிர்வலில்தான் கோத்ரேஜ் நிறுவனம் தட்டச்சு இயந்திரங்களைத் தயாரித்துவந்தது. 2009-ல் அந்தத் தயாரிப்பு நின்றது. அந்த இயந்திரத்தில் சத்தம்தான் வேலை. எழுத்து அச்சு ரிப்பனையும் தாளையும் அடித்தால்தான் எழுத்து விழும்.

கம்ப்யூட்டர் கீபோர்டு அப்படி இல்லை. பரவலாகப் பயன்படும் செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். கீ மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஆனால் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். மீதி 2 மி.மீ. தாண்டி அடியில் போய் இடிப்பதும், திரும்பி வந்து மேலே முட்டுவதும் வேலைக்கு உதவாத சத்தம். அதனால்தான் அதை நீக்கினாலும் டைப்பிங் கெடுவதில்லை.

எவ்வளவு சத்தம் அதிகம்?

மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது வெளிச்சூழலுக்கான வரம்பு. உங்கள் கீபோர்டுக்குப் பொருந்தாது. படுக்கையறைக்குள் தூக்கம் கெடாமல் இருக்க, தொடர் சத்தம் 30 டெசிபலுக்குள்ளும், திடீரென்று எழும் தனிச் சத்தம் 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் பரிந்துரைத்தது.

இரண்டு அளவுகள் ஏன்? ஒரே சீராக ஓடும் ஃபேனுக்குக் காது பழகிவிடும். விட்டு விட்டு வரும் ‘டக்’குக்குப் பழகாது. கீபோர்டு இரண்டாவது ரகம்.

சத்தம் வரும் ஐந்து இடங்கள்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

1. மேசை: ஒவ்வொரு அடியும் மேசைப் பலகைக்கு இறங்கும், பலகை மத்தளம் மாதிரி வேலை செய்யும். தடிமனான டெஸ்க் மேட் ஒன்று போடுங்கள். வாங்கும் முன் ஒரு டவலை மடித்து கீபோர்டுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மேட் வாங்கலாம்.

2. ஸ்டெபிலைசர்: ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் போன்ற நீளமான கீகள் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கும் கம்பி இது. 87 கீ கொண்ட கீபோர்டில் ஐந்து இருக்கும். கம்பி தளர்வாக இருந்தால் ‘கடகட’வென்று ஆடும். கம்பி முனைகளில் கெட்டியான டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். பலர் இதை விட்டுவிட்டு விலை உயர்ந்த சுவிட்ச் வாங்குகிறார்கள். பிறகு ஸ்பேஸ் பார் மட்டும் தனியாகக் கத்தும்.

3. காலி கேஸ்: உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் எதிரொலிக்கும். சர்க்யூட் போர்டுக்கும் கேஸ் அடிப்பாகத்துக்கும் நடுவே ஃபோம் தாள் வையுங்கள். போர்டை மேலே தள்ளும் அளவுக்குத் திணிக்க வேண்டாம்.

4. சுவிட்ச்: மூன்று வகை. ‘கிளிக்கி’, வேண்டுமென்றே சத்தம் எழுப்பும். அரசுத் தேர்வுக்கு டைப்பிங் பழகுபவர்களுக்குத் தெரிந்த டிவிஎஸ் கோல்டு கீபோர்டு நீண்ட காலம் இந்த வகை செர்ரி ப்ளூ சுவிட்சோடுதான் வந்தது. ‘டாக்டைல்’, நடுவில் சின்ன மேடு தட்டுப்படும். ‘லீனியர்’, வழுக்கிக்கொண்டு இறங்கும். கடைசி இரண்டிலும் ‘சைலன்ட்’ ரகம் கிடைக்கிறது. உள்ளே இடிக்கும் இடங்களில் சின்ன ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள்; இறங்கும்போதும் ஏறும்போதும் அடி அமுங்கும். செர்ரி எம்எக்ஸ் சைலன்ட் ரெட் 3.7 மி.மீ. மட்டுமே இறங்குவது இதனால்தான். டாக்டைல் வேண்டுமென்றால் போபா யு4 பிரபலம். அவுடெமு நிறுவனத்தின் சைலன்ட் சுவிட்சுகள் விலை குறைவு.

5. கீகேப்: மெல்லியவை ‘சளசள’வென்று ஒலிக்கும், தடித்தவை மட்டமான ‘தொப்’ சத்தம் தரும். மற்ற நான்கையும் முடித்த பிறகு கையில் காசு மிஞ்சினால் மாற்றுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதல் முறை என்றால் ‘ஹாட்-ஸ்வாப்’ போர்டு வாங்குங்கள். சுவிட்சைச் செருகினால் போதும், சால்டரிங் வேண்டாம். சால்டரிங் செய்யும் ரகம்தான் வேண்டும் என்றால், அதற்கான கருவிகளைப் புனேயில் புத்வார் பேட்டை தப்கீர் கல்லியில் தேடலாம். நம்மூர் ரிச்சி தெரு மாதிரி அது எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதி.

போர்டு 3 பின் சுவிட்சை மட்டும் ஏற்குமா, 5 பின்னையும் ஏற்குமா என்று ஆர்டர் போடும் முன் பாருங்கள். செருகும்போது பின் வளைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 87 கீ போர்டுக்கு 90 சுவிட்ச் வாங்குவது நல்லது. கேஸை மூடும் முன் எல்லாக் கீயையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

எதை நம்ப வேண்டாம்?

போர்டின் பின்புறம் டேப் ஒட்டுவது சத்தத்தின் தொனியை மாற்றும். அதை நம்பி அமைதியை எதிர்பார்க்காதீர்கள். கீகேப்புக்குள் போடும் ரப்பர் வளையம் கீழே இடிப்பதை மட்டும் அமுக்கும். மேலே முட்டும் சத்தம் அப்படியே இருக்கும். யூடியூப் சவுண்ட் டெஸ்ட்டும் வேண்டாம். மைக் எவ்வளவு கிட்டே இருந்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

நீங்களே அளப்பதுதான் சரி. மொபைலில் டெசிபல் ஆப் போட்டு, பக்கத்து அறைக் கட்டில் மேல் வையுங்கள். அதே போன், அதே இடம், அதே பத்தியை டைப் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்து ஒப்பிடலாம். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலக் கேட்கும்.

முழு அமைதி கிடைக்காது. சைலன்ட் சுவிட்ச் கொஞ்சம் ‘மெத்’தென்று இருக்கும், அது எல்லோருக்கும் பிடிக்காது. அதனால் மொத்தமாக வாங்காமல், நான்கைந்து சுவிட்சை மட்டும் முதலில் வாங்கி விரலுக்கு ஒத்துவருதான்னு பாருங்க. டெஸ்க் மேட்டும் கிரீஸும் போட்டதுமே கட்டில் மேல் இருக்கும் போன் எதையும் காட்டவில்லை என்றால், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.