பிள்ளையிடம் கேட்டது யார்?

“பத்து வயது முடிந்தால், யாரோடு இருப்பதென்று பிள்ளையே தீர்மானிக்கலாமாமே?” கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. மேன்முறையீட்டுக்கான 14 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கையில் கேட்கிறார்கள். பதில்: இல்லை.

அந்தப் பத்து வயது 1941ஆம் ஆண்டின் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்துக்குரியது. பத்து வயதைக் கடந்த பிள்ளையை அதன் சம்மதமின்றி மகவேற்க முடியாது. தாயும் தகப்பனும் பிரியும்போது எழும் கட்டுக்காப்பு வழக்கில் அப்படியொரு வயதெல்லை இல்லை. நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசலாம், பேசாமலும் விடலாம்.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதன் 3ஆம் உறுப்புரை பிள்ளையின் சிறந்த நலனையும், 12ஆம் உறுப்புரை தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் பேசுகின்றன. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயச் சட்டம் சிறந்த நலனை நீதிமன்றங்களுக்கும் கட்டாயமாக்கியது. கருத்துச் சொல்லும் உரிமையை எழுதாமல் விட்டது. ஆகவே அரச அறிக்கைகள் பெருமையோடு சொல்லும் “சிறந்த நலன்”, நடைமுறையில் பெரியவர்கள் நல்லதென்று நினைப்பதாகவே முடியலாம். இலங்கையைப் போலவே உரோமன்-டச்சுச் சட்டம் வேரோடிய தென்னாபிரிக்கா, 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தில் பிள்ளையின் பங்கேற்பை உரிமையாகவே எழுதிவிட்டது.

நீதிபதி நேரில் கேட்காவிட்டால், பிள்ளையின் சொல் பெரும்பாலும் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வழியாகத்தான் போகும். கவலை இங்கேதான். போருக்குப் பின் வன்னியில் அம்மம்மாவிடமோ சித்தியிடமோ வளர்ந்த பிள்ளைகள் பலர். வளர்த்தவர் பக்கத்தில் இருக்க, “யாரோடு இருக்க விருப்பம்?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை வேறென்ன சொல்லும்? “அம்மம்மாவுடன் இருக்க விரும்புகிறது” என்ற வரியில், அது மனமார்ந்த விருப்பமா, சோறு போட்டவரை நோகடிக்கக் கூடாதென்ற தயக்கமா என்பது தெரியாது. வன்னிச் சனம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த 2009இல், ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு தன் 12ஆம் பொதுக் கருத்துரையை வெளியிட்டது. பிள்ளை அழுத்தமின்றிப் பேசும் சூழல் வேண்டும், அதன் கருத்து எப்படிக் கணக்கில் எடுக்கப்பட்டது என்பதைப் பிள்ளைக்கே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

மற்றக் கேள்விகள்.

எந்த நீதிமன்றம்? கட்டுக்காப்புக்கு மாவட்ட நீதிமன்றம். தாபரிப்புப் பணத்துக்கு நீதவான் நீதிமன்றம்.

பிள்ளைக்குத் தனிச் சட்டத்தரணி? கட்டுக்காப்பு வழக்கில் கட்டாயமில்லை.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக? 14 நாளில் அறிவித்தல், 60 நாளில் மனு. 14 நாள் கணக்கில் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், நீதிபதி பிள்ளையைத் தனியே சந்திக்க வேண்டுமென்று சட்டத்தரணி மூலம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.