குழாயில் வந்த வில்லன்!

அதிகாலை அஞ்சே கால். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள். குமாரபாளையத்தில் பிறந்து, விசைத்தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். காதுக்குப் பக்கத்தில் விடிய விடிய தறி ஓடினாலும் புரண்டுகூடப் படுக்கமாட்டேன். அப்படிப்பட்ட என்னை அன்றைக்கு எழுப்பியது சத்தம் அல்ல, நாற்றம்!

"ஏனுங்க... எந்திரிச்சு வந்து இந்தத் தண்ணியப் பாருங்க!" என்று மனைவியின் குரல் வேறு.

போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்ப்பில் விழுகிற தண்ணீர், இரண்டாம் டிகாக்ஷனில் போட்ட காபி நிறம். வாசனையை வர்ணிக்கவில்லை. நீங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கலாம் அல்லவா? பத்து நிமிஷத்தில் நிறம் தெளிந்தது. நாற்றமும் குறைந்த மாதிரி இருந்தது. "சரியாயிடுச்சு போ" என்று ஷேவிங் செய்யக் கிளம்பிவிட்டேன்.

ஆபீஸ் போகிற அவசரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், குடிக்க மட்டும் கேன் தண்ணீருக்கு போன் செய்ததுதான். அந்த உருப்படியான காரியம்தான் பின்னால் என் மனசாட்சியைக் குடைந்து எடுத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டீக்கடை விசாரணைக் கமிஷன்

நம் ஊரில் எந்தப் பிரச்னைக்கும் முதல் விசாரணை டீக்கடையில்தானே? மூன்று பேர், மூன்று தீர்ப்பு.

"இதுல என்ன சந்தேகம்? சாயத் தண்ணிதான்!" என்றார் பெஞ்சின் இந்தப் பக்கம் இருந்தவர்.

எங்கள் ஊர்க்காரன் அப்படித்தான் சொல்வான். லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர். நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு மிச்சத் தண்ணீரை எங்கேயாவது விடவேண்டும். முறையாகச் சுத்திகரிப்பவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடையில் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நேரே காவிரிக்குப் போகிறது. 'சாக்கடையைப் பார்த்தே அடுத்த தீபாவளிக்கு என்ன கலர் லுங்கி வரும் என்று சொல்லிவிடலாம்' என்பது எங்கள் ஊர் ஜோக். சிரிப்பாக இருக்கும், அந்தக் காவிரியிலிருந்துதான் குடிக்கிறோம் என்பது ஞாபகம் வரும் வரைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தாயிற்று. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இந்த மாதிரித் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று 1989-ல் தமிழக அரசு ஆணையே போட்டது. அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் வந்து இடிப்பார்கள், மின் இணைப்பைத் துண்டிப்பார்கள். மழைக்குக் காளான் மாதிரி அவை இன்னொரு சந்தில் முளைக்கும்.

இந்த விஷயத்தில் நிறத்தைவிட மோசம் உப்பு. பருத்தி நூலில் சாயம் பிடிக்க, மூட்டை மூட்டையாக உப்பு போடுகிறார்கள். நிறத்தை எப்படியாவது எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுக்க 'ஆர்.ஓ.' மாதிரி பெரிய ஏற்பாடு வேண்டும். திருப்பூர்ப் பக்கம் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்ற முந்தைய உத்தரவை மதிக்காததற்குத்தான் அந்த நடவடிக்கை.

"அதெல்லாம் இல்லீங்ணா, மேட்டூர்த் தண்ணி!" என்றார் பெஞ்சின் அந்தப் பக்கம்.

அதிலும் விஷயம் இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும். தேங்கிய தண்ணீரில் உரச்சத்தும் கழிவும் சேர்ந்து, வெயிலும் அடித்தால் பாசிக்குக் கொண்டாட்டம். நீர்த்தேக்கக் கரையோரம் பச்சைப் பெயின்ட் ஊற்றிய மாதிரி படர்ந்து நாறியதும், நுண்ணுயிர்க் கரைசல் தெளித்ததும் சமீப வருஷங்களில் பேப்பரில் வந்த செய்தி. பாசியும் சில நுண்ணுயிர்களும் 'ஜியோஸ்மின்' என்று ஒன்றை உண்டாக்குகின்றன. புது மழைக்கு மண் வாசனை வருகிறதே, அதே சரக்கு. ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்!

"பைப்பு துருப்பிடிச்சிருக்கும், அவ்வளவுதான்" என்று மூன்றாமவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மூன்று பேருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தப்பு வேறு யாருடையதோ! நானும் பலமாகத் தலையாட்டிவிட்டு பஸ் பிடித்தேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

மூன்று வாரம் போயிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் பையன், ஆறு வயசு, இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்கிறான், வாந்தி எடுக்கிறான் என்றார்கள். மூன்றாம் நாள் அவன் கண்ணைப் பார்த்த என் மனைவி, "அக்கா, கண்ணு மஞ்சளா இருக்குதுங்க" என்று பதறினாள்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் தறிக்கு நைட் ஷிப்ட் போயிருந்தார். என் பைக்கில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட் போட்டு குளுகோஸ் ஏற்றினார்கள். டாக்டர், "மஞ்சக்காமாலை. ஹெபடைடிஸ் ஏ. ஒரு மாசமா என்ன தண்ணி குடிக்கிறான்?" என்று கேட்டார்.

"ஏன் சார் ஒரு மாசம்?" என்றேன்.

"கிருமி உள்ளே போய் நோய் தெரிய ரெண்டு வாரத்துல இருந்து ஏழு வாரம் வரைக்கும் ஆகும். நேத்துக் குடிச்சதை யோசிக்காதீங்க, போன மாசம் குடிச்சதை யோசிங்க."

அக்கா வெகுளியாகச் சொன்னாள்: "எங்க கொழாயில சரியா வராதுங்க டாக்டர். இவுங்க ஊட்டுலதான் ரெண்டு கொடம் புடிச்சுக்குவோம். நல்லவங்க, இல்லைன்னு சொன்னதில்லீங்க."

எனக்குப் பகீர் என்றது. எங்கள் வீட்டுக்குக் கேன் வருகிறது. அக்கா வீட்டுக்கு எங்கள் சம்ப்பில் இருந்து போகிறது. 'துவைக்க, குளிக்கத்தான் எடுப்பாங்க' என்று நானாக நினைத்துக்கொண்டேன். "தண்ணி ஒரு மாதிரி இருக்குதுக்கா, காய்ச்சிக் குடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு எடத்துல கெடும்!

மறுநாளே லீவு போட்டுவிட்டு, ஊரில் பழைய பிளம்பர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். முப்பது வருஷமாகக் குழி தோண்டுகிறவர். வந்ததும் சம்ப்பைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டார்.

"தம்பி, தண்ணி நாலு எடத்துல கெடும். ஆத்துல கெடும், டேங்குல கெடும், தெருப் பைப்புல கெடும், ஊட்டுக்குள்ள கெடும். எங்க கெட்டுச்சுன்னு தெரியாம யாரையும் வையக்கூடாது, பாத்துக்கோங்க."

பிறகு அவர் எடுத்த பாடத்தை உங்களுக்கும் தருகிறேன். கத்தரித்து பிரிட்ஜ் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

பால் மாதிரி வெள்ளை: டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்தால் வெறும் காற்றுக்குமிழி. பயமில்லை.

செம்மண் நிறம், பழுப்பு: பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துரு. தண்ணீர் நின்று திரும்ப வரும்போது முதலில் வரும். துணியில் கறை பிடிக்கும். போர்வெல் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால், பிடிக்கும்போது தெளிவாக இருந்து வைத்த பிறகு சிவக்கும்.

அழுகின முட்டை நாற்றம்: காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா கிளப்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கழுவாத டேங்க், நாளாக ஓடாத போர்வெல், சில சமயம் சாக்கடை.

மண் வாசனை, லேசான பச்சை: பாசி. மூடியில்லாத மொட்டை மாடி டேங்க்கிலும் வளரும்.

பிளீச்சிங் பவுடர் வாசனை: நல்ல செய்தி! குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

கருப்பாக, சாக்கடை நாற்றத்தோடு, முதல் சில நிமிஷம் மட்டும்: இதுதான் வில்லன்.

"உங்குளுது கடைசி கேசுங்க" என்றார் பிளம்பர்.

மஞ்சள் சொன்ன சாட்சி

அதே நேரம் தெருவில் வால்வு திறக்கிறவர் வந்தார். அவரிடம் குளோரின் பார்க்கும் சின்னப் பெட்டி இருந்தது. குழாய்த் தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குடிதண்ணீர் நம் வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

தெரு முனைக் குழாய்: மஞ்சள்.

எங்கள் வீட்டுக் குழாய், மோட்டார் போடாமல்: மஞ்சள்.

"இப்ப மோட்டாரைப் போடுங்க" என்றார் பிளம்பர். போட்டேன். பிடித்தோம். சொட்டு விட்டோம். நிறமே மாறவில்லை. வந்த குளோரினை எல்லாம் ஏதோ ஒன்று தின்றுவிட்டது.

வால்வுக்காரர் என்னைப் பார்த்தார். பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று போன வருஷம் தெருக் குழாய் இணைப்பிலேயே நேராக மோட்டாரை மாட்டியிருந்தேன். சட்டப்படி தப்பு. பிடித்தால் மோட்டார் பறிமுதல், இணைப்பு கட். 'எல்லாரும்தானே மாட்டியிருக்காங்க' என்பது என் தரப்பு வக்கீல் வாதம்.

வாசலில் தோண்டினோம். எங்கள் குழாய் சாக்கடைக்கு உள்ளேயே குறுக்கே போகிறது. ஜாயின்ட்டில் விரல் நகம் அளவு விரிசல். தண்ணீர் தன் அழுத்தத்தில் வரும்போது, அந்த விரிசல் வழியே வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சும்போது அழுத்தம் தலைகீழாகும். குடிக்கிற ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே வருமே, அந்த மாதிரி சாக்கடை உள்ளே வரும். தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாயில் ஏற்கெனவே புகுந்து தேங்கியதுதான் முதல் பத்து நிமிஷக் காபி. நிறம் தெளிந்த பிறகும் உறிஞ்சல் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 1955 நவம்பரில் தில்லியில் நஜஃப்கர் கால்வாய்ச் சாக்கடை, யமுனையில் குடிநீர் எடுக்கிற இடத்துக்குள் புகுந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சக்காமாலை. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல வருஷம் கழித்துத்தான் உறுதியானது. அங்கே ஒரு தலைநகரத்துக்கு நடந்தது, இங்கே ஒரு சந்துக்கு நடந்தது.

எனக்குத் தூக்கம் போனது வேறு கணக்கில். அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை? என் மோட்டார் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டதால். அவர்கள் பங்குத் தண்ணீரை எடுத்து, சாக்கடை கலந்து, இரண்டு குடம் 'தானம்' செய்து, 'நல்லவங்க' என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்!

ஒரு குடம் நிறைய...

மோட்டாரைக் கழற்றினேன். சாக்கடைக்கு மேலே, வெளியே தெரிகிற மாதிரி புதுக் குழாய் போட்டோம். சம்ப்பையும் டேங்க்கையும் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். மொத்தச் செலவு, நான் அந்த மோட்டார் வாங்கினதைவிடக் குறைவு. இப்போது தரைமட்ட சம்ப்பில் தண்ணீர் தானாக வந்து விழுகிறது. மாடி டேங்க்குக்கு ஏற்ற மட்டும் தனி மோட்டார். காய்ச்சுவதையும் விடவில்லை. நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சாயமும் உப்பும் கொதித்தாலும் சாகாது. ஆகவே ஆற்றுக்காகப் போடுகிற சண்டையை நிறுத்திவிடாதீர்கள் சார். வாசல் குழியையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன்.

பையன் ஒரு மாதத்தில் தேறிவிட்டான். அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடித்திருக்கலாம்.

அடுத்த தடவை தண்ணீர் விட்ட அன்று, அவர் வீட்டுக் குழாயில் அவரே குடத்தை வைத்துவிட்டு நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம். குடம் நிறைந்து வழிந்தது. குனிந்து எடுத்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"முன்னெல்லாம் ஒரு கொடம் ரொம்ப அரை மணி நேரம் ஆவுமுங்க. இப்ப ரெண்டே நிமிசம்."

நான் என்ன பதில் சொல்வது? பேசாமல் என் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.